குடும்ப கம்பெனி வெளிநாடு போறப்ப மார்க்கெட்டை விட வீடு ஏன் முக்கியமாகுது

சின்ன அளவுல நடக்கற ஒரு குடும்ப கம்பெனி வெளிநாட்டுல கிளை போடப்போகுதுன்னா எல்லாரும் உடனே கேக்கறது அங்க டிமாண்ட் இருக்கா, டேக்ஸ் எவ்வளவு, கரன்சி எப்படி ஏறி இறங்குது, இந்த மாதிரி கேள்விங்கதான். ரெண்டு மூணு வருஷத்துல அதே கிளையை மூடிட்டாங்கன்னு செய்தி வந்தாலும் இதே லிஸ்ட்லதான் காரணம் தேடறாங்க. ஆனா உள்ள போய் பார்த்தா பல சமயம் கதை வேற. அண்ணன் கையெழுத்து போட லேட்டாச்சு, தம்பிக்கு என்ன சம்பளம்னு கடைசி வரைக்கும் யாரும் பேசவே இல்ல, அப்பா நான் ஒதுங்கிட்டேன்னு சொல்லிட்டு பேங்க் பாஸ்வேர்டை மட்டும் தன் கையிலயே வச்சிருந்தார், இப்படி.

ஒரே கூரைக்கு கீழ இருக்கற வரைக்கும் குடும்பம் நிறைய விஷயத்தை எழுதாம, சில சமயம் பேசாமக்கூட, முகத்தை பார்த்தே முடிச்சுக்கும். தூரம் வந்ததும் அந்த வசதி போயிடுது. அதுவரைக்கும் "பார்த்துக்கலாம்"னு தள்ளி வச்ச எல்லாமே, யாரு பெரியவர், யாரோட பணம், அடுத்து யாரு, எல்லாம் வெளிநாட்டு கிளை வழியா வெளிய வருது. அது எப்படி நடக்குதுன்னு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதல்ல மூணு வட்டம்

1978ல ஹார்வர்ட்ல ரெனாட்டோ தாகியூரி, ஜான் டேவிஸ்னு ரெண்டு பேர் ஒரு படம் போட்டாங்க, இன்னைக்கும் குடும்ப பிசினஸ் பத்தி பேசறவங்க அதுலதான் ஆரம்பிப்பாங்க. ஒரு வட்டம் குடும்பம், ஒரு வட்டம் ஓனர்ஷிப், ஒரு வட்டம் பிசினஸ். மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற மாதிரி வரைஞ்சா மொத்தம் ஏழு இடம் கிடைக்கும், சம்பந்தப்பட்ட ஒவ்வொருத்தரும் அந்த ஏழுல ஒண்ணுல இருப்பாங்க. ஷேர் வச்சிருக்கற, ஆனா கம்பெனி பக்கமே வராத அத்தை ஒரு இடம். வேலை செய்யற, ஆனா ஷேர் இல்லாத மருமகன் இன்னொரு இடம். மூணுலயும் நடுவுல உக்காந்திருக்கறவர் பெரும்பாலும் ஆரம்பிச்சவர்.

இதுல முக்கியம் என்னன்னா எந்த இடத்துல இருக்கோமோ அதுக்கு தகுந்த மாதிரிதான் "வெளிநாடு"ங்கற வார்த்தை காதுல விழும். நடுவுல இருக்கறவருக்கு அது தன் கைக்கு எட்டாத ஒரு மூலை. வேலை செய்யற பையனுக்கு, அப்பா நிழல் விழாத முதல் இடம். ஷேர் மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு, இந்த வருஷம் டிவிடெண்ட் வராதுங்கற செய்தி. மூணு பேரும் ஒரே மேஜையில உக்காந்து "சரி, போகலாம்"னு தலையாட்டுவாங்க, ஆனா மூணு பேரும் சரின்னு சொன்னது மூணு வேற வேற விஷயத்துக்கு.

எந்த நாடுன்னு முடிவு பண்றது யாரு

1977ல ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்துல யோஹான்சன், வால்னேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கம்பெனிங்க எப்படி வெளிநாடு போகுதுன்னு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. படிப்படியா போகுதாம். முதல்ல அப்பப்போ ஏற்றுமதி, அப்புறம் ஏஜென்ட், அப்புறம் சொந்த சேல்ஸ் ஆபீஸ், கடைசியாதான் உற்பத்தி. நாடும் அப்படித்தான், மொழி, பழக்கவழக்கம், வியாபார முறை எல்லாம் தனக்கு நெருக்கமா தெரியற நாட்டுல முதல்ல கால் வைக்கும், பழகப் பழக தூரமான நாட்டுக்கு போகும். 2009ல அதே ரெண்டு பேரும் தங்களோட விளக்கத்தை திருத்தினாங்க, நாடு தூரமா பக்கமாங்கறதை விட அந்த ஊர் வியாபார வட்டத்துக்குள்ள நாம இருக்கோமா வெளிய நிக்கறோமாங்கறதுதான் பெரிய தடைன்னு.

குடும்ப கம்பெனிக்கு இந்த ரெண்டாவது விஷயத்துல ஒரு குறுக்கு வழி தெரியுது. அங்க ஏற்கனவே ஒரு சித்தப்பா இருக்கார், இல்ல அக்கா கல்யாணம் பண்ணி போயிருக்கா. ஆள் இருக்கு, தங்க இடம் இருக்கு, ஏர்போர்ட்ல கூப்பிட்டுப்போக கார் வரும். அதனால நாடு தானா முடிவாயிடுது, யாரும் உக்காந்து முடிவு பண்ணல. ஆனா சொந்தக்காரர் இருக்கற இடமும் வாங்கறவர் இருக்கற இடமும் ஒண்ணா இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. இருபது வருஷமா அங்க வேற வேலை பார்க்கற சித்தப்பாவுக்கு வாடகை தெரியும், ஸ்கூல் தெரியும், எந்த ஆபீஸ்ல எந்த ஃபார்ம்னு தெரியும். மொத்தமா சரக்கு எடுக்கறவங்க யாரு, அவங்க எத்தனை நாள் கடன் கேப்பாங்க, கெட்டுப்போன சரக்கை யார் தலையில கட்டுவாங்கன்னு அவருக்கு தெரியாது. குடும்ப வட்டத்துக்குள்ள இருக்கறதை வியாபார வட்டத்துக்குள்ள இருக்கறதா நினைச்சுக்கறதுதான் என் பார்வையில முதல் தப்பு, செலவு அதிகமான தப்பும் இதுதான்.

கணக்குல வராத சொத்து

லாபம் வரும்னு தெரிஞ்சும் ஒரு குடும்பம் ஏன் பின்வாங்குது? இதுக்கு நல்ல பதில் 2007ல லூயிஸ் கோமெஸ் மெஹியாவும் கூட இருந்தவங்களும் பண்ணின ஒரு ஆய்வுலிருந்து வந்தது. தெற்கு ஸ்பெயின்ல குடும்பங்கள் நடத்தின 1,237 ஆலிவ் எண்ணெய் ஆலைகளை எடுத்து 54 வருஷ காலத்தை பார்த்தாங்க. கூட்டுறவுல சேர்ந்தா ரிஸ்க் குறையும், பணப்பலனும் உண்டு. தனியா நின்னா ஆலை நஷ்டத்துல போகற ஆபத்து அதிகம். இருந்தும் குடும்ப ஆலைங்க கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கறதை விட அந்த ஆபத்தை ஏத்துக்கறதையே விரும்பினாங்க. பேர், அதிகாரம், பிள்ளைகளுக்கு கொடுக்கணும்ங்கற எண்ணம், ஊர்ல ஒரு மதிப்பு, இதெல்லாம் சேர்ந்த ஒண்ணை அந்த ஆய்வு ஒரு சொத்தாவே எண்ணுது, பேலன்ஸ் ஷீட்ல வராது ஆனா முடிவு எடுக்கறப்ப மேஜையில இருக்கும்.

வெளிநாடு போறது இந்த சொத்தை நேரா தொடுது. புது மார்க்கெட்டுக்கு பணம் வேணும், பணத்துக்கு வெளி முதலீட்டாளர் வேணும், அவர் ஷேர் கேப்பார். அங்க நடத்த அந்த நாட்டு ஆள் வேணும், அவர் அதிகாரம் கேப்பார். அப்பா "இப்ப டைம் சரியில்ல"ன்னு சொல்றப்ப பையன் அவருக்கு பயம்னு நினைக்கறான், அவர் ஒரு விலை கணக்கு போட்டுட்டுதான் சொல்றார், அந்த விலையை வாய்விட்டு சொல்ல அவருக்கு வார்த்தை இல்ல, அவ்வளவுதான்.

யாரை அனுப்பறது

எனக்கு தெரிஞ்சு ஒரு வெளிநாட்டு கிளையோட தலையெழுத்து பாதிக்கு மேல இந்த ஒரு முடிவுலதான் இருக்கு. வேலைக்கு ஆள் எடுக்கறப்ப தகுதி பார்ப்பாங்க. குடும்பத்துல அனுப்பறப்ப பெரும்பாலும் கீழ சொல்ற காரணத்துல ஒண்ணு இருக்கும்.

1. நம்பிக்கை. பணம் கையாளற இடத்துல நம்ம ஆள் இருக்கணும். நியாயமான காரணம்தான், ஆனா திருட மாட்டான்ங்கறதும் விக்கத் தெரிஞ்சவன்ங்கறதும் வேற வேற தகுதி.

2. வாரிசு பயிற்சி. பெரிய பையன் கத்துக்கட்டும்னு அனுப்பறாங்க. கத்துக்கறதுன்னா தப்பு பண்ணணும், ஆனா முதல் தப்புக்கே போன் வருது, ரெண்டாவது தப்புக்கு அப்பாவே பிளைட் ஏறி வந்துடறார், அந்த ஊர் ஸ்டாஃப் முன்னாடி பையனோட வார்த்தைக்கு இருந்த மதிப்பு அன்னைக்கே போச்சு.

3. சண்டையை தள்ளி வைக்கறது. ரெண்டு அண்ணன் தம்பிக்குள்ள ஒத்துவரல, ஒருத்தரை தூரமா வச்சா வீடு அமைதியா இருக்கும்னு ஒரு கிளையே திறக்கறாங்க. மார்க்கெட்டே கேக்காத ஒரு ஆபீஸ் அங்க உருவாகுது, அதை மூடணும்னு யாராவது சொன்னா அது வியாபார பேச்சா இருக்காது, ஒருத்தரை மறுபடி வீட்டுக்குள்ள கூப்பிடற பேச்சா இருக்கும். அதனால நஷ்டத்துலயே வருஷக்கணக்கா ஓடும்.

4. போறவங்களோட சொந்த வாழ்க்கை. மனைவிக்கோ புருஷனுக்கோ அங்க வேலை கிடைச்சிருக்கு, பிள்ளை படிப்பு அங்க. இதை மறைக்காம சொன்னா பரவாயில்ல, இவங்க நிலைச்சு நிப்பாங்க. சொல்லாம மறைச்சா பின்னாடி அதுவே குற்றச்சாட்டா திரும்பி வரும்.

இதோட இன்னொரு பக்கம், குடும்பத்துல இல்லாத ஆளை அங்க வேலைக்கு வச்சா என்ன ஆகுதுங்கறது. 2012ல அலன் வெர்பெக்கி, லியனா கானோங்கற ரெண்டு பேர் இதுக்கு "பைஃபர்கேஷன் பயஸ்"னு பேர் வச்சாங்க, நம்ம ஊர் பேச்சுல சொன்னா ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு. குடும்ப ஆள், குடும்ப சொத்து எல்லாம் தானாவே உசத்தி, வெளி ஆள் எல்லாம் மாத்திக்கக்கூடிய சாமான். உள்ளூர்ல இது அவ்வளவா வலிக்காது, ஏன்னா வேலை நுணுக்கம் தெரிஞ்ச ஆள் குடும்பத்துலயே இருக்காங்க. வெளிநாட்டுல அந்த நுணுக்கம் முழுக்க வெளி ஆள் தலையிலதான் இருக்கு. அவருக்கு மார்ஜின் என்னன்னு சொல்ல மாட்டாங்க, மெயின் முடிவு எடுக்கற வாட்ஸ்அப் குரூப்ல அவர் இருக்க மாட்டார், வாங்கற கம்பெனியோட தகராறு முத்தினதுக்கப்புறம்தான் அவருக்கு விஷயமே தெரியும். நல்ல ஆளா இருந்தா ஒரு வருஷத்துல போட்டிக் கம்பெனிக்கு போயிடுவார், போறப்ப கஸ்டமரும் கூட போகும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேருக்கு இங்கதான் முதல் அடி விழுது. சம்பள ரசீது இல்லாம வளர்ந்த பிள்ளைங்க. பத்து வருஷமா கம்பெனியில ராத்திரி பகலா வேலை, ஆனா பேரோல்ல பேர் இல்ல, செலவுக்கு அப்பாகிட்ட வாங்கிக்கறது. கம்பெனி தன் ஆளை அமெரிக்க கிளைக்கு மாத்தறதுக்கான எல்-1 விசாவை எடுத்துக்கிட்டா, இங்க இருக்கற தாய் கம்பெனியில கடைசி 3 வருஷத்துக்குள்ள தொடர்ச்சியா 1 வருஷமாவது வேலை செஞ்சதுக்கு ஆதாரம் கேப்பாங்க. வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மைக்கு ஒரு காகிதம்கூட இருக்காது.

ஒரு கையெழுத்தும் 21 நாளும்

மேல சொன்னதெல்லாம் கொஞ்சம் பொதுவா தெரியலாம், அதனால ஒரே ஒரு ஷிப்மென்ட்டை கிட்ட வச்சு பார்ப்போம். வெளிநாட்டு கஸ்டமர் எல்சி திறந்திருக்கார், அதாவது சரக்கு அனுப்பினதுக்கான பேப்பரெல்லாம் சரியா இருந்தா அவரோட பேங்க் பணம் தர்றேன்னு கொடுக்கற உறுதி. உலகம் முழுக்க பேங்குங்க இதுக்கு யூசிபி 600ங்கற விதித் தொகுப்பைத்தான் பயன்படுத்தறாங்க, 2007லிருந்து நடைமுறையில இருக்கு. அதுல நமக்கு வேணும்ங்கற மூணு விஷயம்:

1. பேங்க் பார்க்கறது பேப்பரை மட்டும்தான், சரக்கை இல்ல. சரக்கு தங்கமா இருந்தாலும் பேப்பர்ல பிழை இருந்தா பணத்தை நிறுத்தலாம்.

2. இன்வாய்ஸ்ல எழுதற சரக்கு விவரம் எல்சில இருக்கறதோட பொருந்தணும்.

3. கப்பல்ல ஏத்தின தேதியிலிருந்து 21 நாளுக்குள்ள பேப்பரை பேங்க்ல கொடுக்கணும், எல்சி காலாவதி ஆகறதுக்கும் முன்னாடி. எல்சில வேற கெடு போட்டிருந்தா அதுதான் கணக்கு.

இப்ப குடும்பத்தை உள்ள விடுவோம். அங்க இருக்கற தம்பி கஸ்டமரோட நேர்ல பேசி, சரக்கோட பேரை கொஞ்சம் மாத்தி போட்டா அவங்களுக்கு விக்க வசதியா இருக்கும்னு ஒத்துக்கறான். எல்சியை திருத்தணும்னா பேங்க் சம்மதம் வேணும்ங்கறது அவனுக்கு தோணல, அக்கவுண்டன்ட்டுக்கு போன்ல சொல்றான், இன்வாய்ஸ் மாறிடுது. பேப்பர்ல கையெழுத்து போட அதிகாரம் அப்பாவுக்கு மட்டும்தான், அவர் ஒரு சொந்தக்கார வீட்டு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கார். அண்ணன் இங்கயே இருந்தும் கையெழுத்து அதிகாரம் இல்ல, ரெண்டு வருஷமா கேக்கறான், "இருக்கறப்ப என்ன அவசரம்"னு பதில். அப்பா திரும்பி வந்து பார்த்து பேர் மாறியிருக்கறதை பிடிக்கறார், யாரைக் கேட்டு மாத்தினீங்கன்னு வீட்டுல ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல. பழைய பேர்ல புது இன்வாய்ஸ் போட்டு பேங்க்குக்கு போறப்ப 23வது நாள். கஸ்டமர் அந்த பிழையை மன்னிச்சாதான் இனி பணம், அவரோ விலையை குறைன்னு கேக்கறார்.

இதை டாக்குமென்டேஷன் பிழைன்னு கணக்குல எழுதுவாங்க. ரெண்டு வருஷமா கொடுக்காத ஒரு கையெழுத்து அதிகாரத்துக்கான விலை அது.

மச்சான் ஏஜென்ட் ஆகறப்ப

சொந்தக்காரரையே அங்க ஏஜென்ட்டா போடறது ரொம்ப சகஜம், ஒப்பந்தம் எழுதாம போடறது அதை விட சகஜம். எழுத சொன்னா மச்சான் மனசு புண்படும்னு. இதுல ரெண்டு சிக்கல் இருக்கு.

முதலாவது டேக்ஸ். ஓஇசிடிங்கற பன்னாட்டு பொருளாதார அமைப்பு முன்மாதிரியா எழுதி வச்ச வரி ஒப்பந்தத்தோட 5வது ஷரத்து, அதை ஒட்டி நாடுங்க போட்டுக்கிட்ட பல வரி ஒப்பந்தங்கள், என்ன சொல்லுதுன்னா நம்ம கம்பெனி சார்பா ஒருத்தர் அந்த நாட்டுல வழக்கமா ஒப்பந்தங்களை முடிச்சு கொடுத்துட்டு இருந்தா, அவர் பல பேருக்கு வேலை பார்க்கற சுதந்திரமான ஏஜென்ட்டா இல்லாத பட்சத்துல, நமக்கு அங்க நிலையான இடம் இருக்கறதா எடுத்துக்கலாம், லாபத்துல அந்த பங்குக்கு அங்க வரி கட்டணும். ஆபீஸே போடாத கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கறதா ஆயிடும். மச்சான் நமக்கு மட்டும்தான் வேலை பார்க்கறார், கஸ்டமர்கிட்ட விலை பேசி முடிக்கறதும் அவர்தான்னா இந்த கேள்வி கண்டிப்பா வரும், அந்தந்த ஒப்பந்த வாசகத்தை பார்த்துதான் பதில் சொல்ல முடியும்.

ரெண்டாவது, பிரியறப்ப என்ன. வெளி ஏஜென்ட் சரியா விக்கலன்னா மாத்திடலாம். மச்சானை மாத்தினா அக்கா அழுவா. இது சாதாரண விஷயம் இல்ல, விக்காத ஏஜென்ட்டை வருஷக்கணக்கா தாங்கறதுக்கு பின்னாடி பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு அக்கா இருக்காங்க.

யாரோட பணம் அங்க போகுது

வெளிநாட்டு கிளை ஆரம்ப வருஷங்கள்ல பணத்தை சாப்பிடும், அது இயல்பு. அந்த பணம் உள்ளூர் லாபத்துலிருந்து போகுது, அந்த லாபத்தை சம்பாதிக்கறது இங்க இருக்கற அண்ணன். அவன் பார்வையில "நான் இங்க மாடா உழைக்கறேன், அவன் அங்க என் பணத்துல பழகறான்". தம்பி பார்வையில "அவன் சொந்த வீட்டு சாப்பாட்டோட, அப்பா போட்ட ரோட்டுல வண்டி ஓட்டறான், நான் இங்க ஒண்ணுமில்லாததிலிருந்து ஆரம்பிக்கறேன்". ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. தனித்தனி கணக்கு இல்லாத வரைக்கும் இந்த சண்டைக்கு முடிவே கிடையாது, ஏன்னா ரெண்டு பேர்கிட்டயும் காட்ட நம்பர் இல்ல.

கடன் வாங்கினா இன்னும் ஆழமா போகுது. சின்ன கம்பெனிக்கு பேங்க் பெரும்பாலும் தனிப்பட்ட ஜாமீன் கேக்கும், வீட்டு பத்திரம் கேக்கும். வீடு அம்மா பேர்ல இருக்கும். அந்த முடிவு மீட்டிங்ல ஒரு வார்த்தை கேக்கப்படாத அம்மா கடைசி நாள்ல கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படறாங்க. ரிஸ்க்ல பங்கு இருக்கறவங்களுக்கு பேச்சுல பங்கு இல்லாதது, இதுதான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப கவலையா இருக்கறது.

ரெண்டு பழைய குடும்பங்கள்

ஜெர்மனியில எஸன் நகரத்துல அம்மா நடத்தின ஒரு சின்ன கடை, போருக்கு அப்புறம் கார்ல், தியோ ஆல்பிரெக்ட்னு ரெண்டு மகன்கள் கையில வந்து ஆல்டிங்கற சூப்பர்மார்க்கெட் ஆச்சு. 1960 வாக்குல, கிட்டத்தட்ட 300 கடை இருக்கறப்ப, கடையில சிகரெட் விக்கலாமா வேணாமான்னு வந்த கருத்து வேறுபாட்டுல பிரிஞ்சதா சொல்றாங்க. வடக்கு ஒருத்தருக்கு, தெற்கு ஒருத்தருக்கு. பின்னாடி வெளிநாடு போறப்பவும் அதே பாகப்பிரிவினைதான், ஆஸ்திரியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் தெற்கு ஆல்டிக்கு, நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்பெயின் எல்லாம் வடக்குக்கு. ஒருத்தர் இருக்கற நாட்டுல இன்னொருத்தர் கடை போடல, அமெரிக்காதான் விதிவிலக்கு, அங்க தெற்கு ஆல்டி சொந்தப் பேர்லயும் வடக்கு பக்கம் டிரேடர் ஜோஸ்ங்கற பேர்லயும் இருக்காங்க. பிரிவு கெட்டது, ஆனா தெளிவா கோடு போட்ட பிரிவு ஒரு வளர்ச்சி திட்டமாவே மாறலாம்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் தெரியல.

இன்னொண்ணு பேங்க் தொழில் பண்ணின ராத்ஸ்சைல்ட் குடும்பம். பிராங்க்பர்ட்ல இருந்த மாயர் ஆம்ஷெல் ராத்ஸ்சைல்டோட அஞ்சு மகன்கள் பிராங்க்பர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேபிள்ஸ்னு அஞ்சு ஊர்ல உக்காந்தாங்க. அப்பா பிள்ளைங்க, அண்ணன் தம்பிங்கன்னா எழுத்து எதுக்குன்னு விடாம, 1810லயே கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கிட்டாங்க, பின்னாடியும் அதை திரும்ப திரும்ப புதுப்பிச்சாங்க, இடைவிடாம கடிதமும் போய்க்கிட்டு இருந்தது. அதே குடும்பம் பெண் பிள்ளைகளையும் மருமகன்களையும் பிசினஸ்ல சேர்க்கக்கூடாதுன்னும் எழுதி வச்சது. விளைவு, 1901ல பிராங்க்பர்ட் கிளையில இருந்த கடைசி ஆண் வாரிசு தனக்கு மகன் இல்லாம இறந்ததும், எல்லாம் ஆரம்பிச்ச அந்த வீட்டு கிளையையே மூட வேண்டியதாச்சு.

அப்ப குடும்பம்னாலே தடையா

இல்ல. 2017ல 41 நாடுகள்ல நடந்த 76 ஆய்வுகளை ஒண்ணு சேர்த்து பார்த்தவங்களுக்கு ஒரே பதில் கிடைக்கல, சில இடத்துல குடும்ப கம்பெனிங்க அதிகமா வெளிநாடு போகுது, சில இடத்துல குறைவா. குடும்பத்தோட கட்டுப்பாடு எப்படி, அந்த நாட்டு சூழல் எப்படிங்கறதை பொறுத்து மாறுது. குடும்பத்துக்குன்னு இருக்கற பலமும் சின்னது இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிசல்ட் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால அஞ்சு வருஷம் பொறுக்க முடியும். ஒரே நாள்ல முடிவு எடுக்க முடியும். வெளிநாட்டு கஸ்டமருக்கு, போன் எடுத்தா ஓனரே பேசறார்ங்கறது பெரிய தைரியம்.

கிளம்பறதுக்கு முன்னாடி எழுத வேண்டியது

1. அங்க இருக்கறவர் யாரையும் கேக்காம எவ்வளவு தொகை வரைக்கும் முடிவு எடுக்கலாம், எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம். நம்பரா இருக்கணும்.

2. கையெழுத்து அதிகாரம் குறைஞ்சது ரெண்டு பேருக்கு. பவர் ஆஃப் அட்டர்னி வேற நாட்டுல செல்லணும்னா அப்போஸ்டில் முத்திரை, அதாவது இந்த பேப்பர் உண்மையானதுன்னு அரசு தர்ற சான்று, தேவைப்படலாம், 1961 ஹேக் ஒப்பந்தத்துல ரெண்டு நாடும் இருந்தா பெரும்பாலும் அது போதும், இல்லன்னா தூதரகம் வழியா போகணும், இதுக்கே நாள் ஆகும்.

3. போறவருக்கு சம்பளம் தனி, லாபப் பங்கு தனி. செலவுக்கு கேட்டு வாங்கிக்கறது வேணாம்.

4. எவ்வளவு நஷ்டம், எத்தனை வருஷம் வரைக்கும் தாங்குவோம். அதை தாண்டினா மூடறதுன்னு முதல்லயே சொல்லி வச்சா, மூடற அன்னைக்கு அது யாரோட தோல்வியாவும் ஆகாது.

5. ஜாமீன் கையெழுத்து போடற ஒவ்வொருத்தரும் அந்த மீட்டிங்ல உக்காரணும்.

6. திரும்பி வர்றது. இதைத்தான் யாருமே எழுதறதில்ல. ஆறு வருஷம் அங்க இருந்துட்டு வர்றவர் வர்றப்ப அவரோட பழைய நாற்காலியில வேற ஒருத்தர் இருப்பார், பெரும்பாலும் கூடப்பிறந்தவரே. எந்த பொறுப்புக்கு வர்றார், யார்கிட்ட ரிப்போர்ட் பண்றார், அங்க இருந்த வருஷங்களுக்கு ஷேர் கணக்கு என்ன, வர விருப்பம் இல்லன்னா அந்த கிளையை அவரே வாங்கிக்கலாமா, வாங்கிக்கலாம்னா விலையை யார் போடறது. இந்த பக்கத்தை அவர் அங்க போக டிக்கெட் போடறதுக்கு முந்தின வாரமே எழுதிடணும், ஏன்னா அன்னைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் எது தன் பக்கம் சாதகமா முடியும்னு தெரியாது.